கடல் விலகிய கடற்கரை விடுதி

கடலோரத்தில் சில நாள் தங்கிக் காற்று வாங்கி, நீராடி, நல்லுணவு உண்டு, வேறு அலுவல் ஏதுமின்றித் திரும்புவதை இன்று உலகெங்கும் மக்கள் பெரியதோர் இன்பமாகக் கருதுகின்றனர். அதற்கென்றே எழுந்த மாளிகைகளைக் கடற்கரை உல்லாச விடுதிகள் என்கிறோம். மத்திய தரைக்கடலின் கரைகள் இத்தகைய விடுதிகளுக்குப் பேர்பெற்றவை. ஆயினும் அந்நாகரிகம் கீழை நாடுகளில் எவ்வாறு வேரூன்றியது என்பதை அறிய நாம் கப்பலேற வேண்டுவதில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் பீச் ரோட்டை அடையலாம். அங்கே ஒரு வெள்ளை மாளிகை நிற்கிறது. கடற்கரை விடுதியாகப் பிறந்த அதன் முன்னே இன்று கடல் இல்லை. கடல் எங்கே போயிற்று, அதனை அகற்றியவர் யாவர், கடலை இழந்த பின்னும் அவ்விடுதி எவ்வாறு நிலைத்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைத் தமிழரும் கடற்கரையும்

கடற்கரை தமிழர்க்குப் புதிதன்று. ஐந்திணையுள் நெய்தல் என ஒரு திணையே கடலுக்கு உரியதாயிற்று. சிலப்பதிகாரத்தில் ‘கடலாடு காதை’ எனத் தனியே ஒரு பகுதி உண்டு. இந்திர விழா முடிந்தபின் புகார் நகரத்து மக்கள் கடலாடச் செல்வதையும், கோவலனும் மாதவியும் அவர்களோடு சென்று கானலில் அமர்வதையும் அப்பகுதி கூறுகிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர்கள் விழாவின் பொருட்டுச் சென்றனர், கடலாடினர், இசைத்தனர், பின்னர் வீடு திரும்பினர். கடற்கரையில் அறையெடுத்துத் தங்கும் வழக்கம் அங்கு இல்லை.

வழிப்போக்கர் தங்குவதற்கு நம் நாட்டில் சத்திரமும் சாவடியும் இருந்தன. அவை அறம் கருதி எழுந்தவை. நடந்து களைத்தவர்க்கு உரியவை. களைப்பில்லாதவன் இன்பம் கருதிப் பொருள் கொடுத்துத் தங்கும் இடம் என்னும் கருத்து வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் தோன்றியதாகும்.

மருந்தாக இருந்த கடல்

அக்காலம் பதினெட்டாம் நூற்றாண்டு, நாடு இங்கிலாந்து. 1750-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடல் நீரில் குளிப்பதும் அதனைப் பருகுவதும் சில நோய்களைத் தீர்க்கும் என்று இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். நோயாளிகள் பிரைட்டன் என்னும் கடலோரச் சிற்றூரை நாடிச் சென்றனர். மருந்துக்காகச் சென்றவர்கள் நாளடைவில் பொழுதுபோக்குக்காகச் செல்லலாயினர்.

இங்கிலாந்தின் குளிருக்கு அஞ்சிய செல்வர்கள் பின்னர் மத்திய தரைக்கடலை நோக்கினர். பிரான்சின் தென்கோடியிலுள்ள நீஸ் நகரம் அவர்களுடைய குளிர்கால இருக்கையாயிற்று. அந்நகரின் கடலோரத்தில் ‘ஆங்கிலேயர் உலாச்சாலை’ என்றொரு வீதி இன்றும் உண்டு. 1820-களில் கடுங்குளிரால் வேலையின்றி வாடிய ஏழைகளுக்குக் கூலி கொடுத்து, அங்குக் குடியிருந்த ஆங்கிலேயர்கள் அமைத்த பாதையே இவ்வாறு பெருஞ்சாலையாக விரிந்தது. 1864-இல் புகைவண்டி வந்தபின் விடுதிகள் பெருகின. 1887-ஆம் ஆண்டில் ஸ்தெபான் லியஜார் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் அக்கரைக்கு ‘நீலக் கடற்கரை’ எனப் பெயரிட்டு ஒரு நூல் வெளியிட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. அந்நாளில் கோடையில் அவ்விடுதிகள் பூட்டிக் கிடந்தன! வெயிலில் உடல் கறுப்பதை இழிவாகக் கருதிய காலம் அது. 1920-களில்தான் கோடை வெயிலில் குளித்துக் கிடப்பது நாகரிகமாயிற்று. 1936-இல் பிரெஞ்சுத் தொழிலாளர்க்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமாயிற்று. அதன்பிறகே ஏழைக்கும் கடற்கரை எட்டியது.

ராபிள்ஸ் ஓட்டலின் பிறப்பு

நீலக் கடற்கரை பெயர் பெற்ற அதே 1887-ஆம் ஆண்டு, டிசம்பர் முதல் நாள், சிங்கப்பூரின் பீச் ரோட்டில் பத்து அறைகளோடு ராபிள்ஸ் ஓட்டல் திறக்கப்பெற்றது. பிராஸ் பாசா சாலை கடலைச் சந்தித்த மூலையில் நின்ற ஒரு பழைய பங்களாவே அதன் முதல் இருப்பிடம். நிலம் அராபிய வணிகரான அல்சகாப் குடும்பத்தாருக்கு உரியது. நடத்தியவர்கள் பாரசீகத்து இசுபகான் நகரிலிருந்து வந்த ஆர்மீனியர்களாகிய சார்க்கீஸ் உடன்பிறப்பாளர்கள். பினாங்கில் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் விடுதியை நடத்தியவர்களும், பின்னர் 1901-இல் இரங்கூனில் ஸ்டிராண்டு விடுதியைத் திறந்தவர்களும் இவர்களே.

இந்த விடுதிகள் அக்காலத்தில் எழுந்தது தற்செயலன்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசைக்கு வரும் நீராவிக் கப்பல்களின் பயணம் பல வாரங்கள் குறைந்தது. வணிகரும் அதிகாரிகளும் மட்டுமே வந்த வழியில், ஊர் சுற்றிப் பார்ப்பவர்களும் வரத் தொடங்கினர். அவர்கள் கப்பல் மாறுவதற்காகக் காத்திருந்த சில நாட்களே சிங்கப்பூர் விடுதிகளுக்கு வாழ்வளித்தன. மத்திய தரைக்கடலையும் மலாக்கா நீரிணையையும் ஒரே கயிற்றில் கட்டியது அக்கால்வாய் எனலாம்.

1899-ஆம் ஆண்டு நவம்பரில் இன்று நாம் காணும் மூன்றடுக்கு முகப்பு மாளிகை திறக்கப்பெற்றது. அதனை வரைந்தவர் சுவான் அண்டு மக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த பிட்வெல் என்னும் கட்டடக் கலைஞர். மின் விளக்கும் மின் விசிறியும் அங்கே இடம்பெற்றன. ஆள் இழுக்கும் பங்காவின் காலம் முடியலாயிற்று. 1902-இல் ஒரு வேடிக்கைக் காட்சியிலிருந்து தப்பிய புலியொன்று, தரையினின்று உயர்த்திக் கட்டப்பெற்ற பில்லியர்ட்ஸ் மண்டபத்தின் அடியில் ஒளிந்து சுடப்பட்டதை அவ்விடுதியின் கதையைக் கூறுவோர் விடாது கூறுவர்.

இரண்டு கடல்கள், இரண்டு கரைகள்

மத்திய தரைக்கடல் விடுதிக்கும் சிங்கப்பூர்க் கடற்கரை விடுதிக்கும் இயற்கையிலேயே வேற்றுமை உண்டு. நீஸ் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 43 பாகையில் உள்ளது. சிங்கப்பூர் ஒன்றேகால் பாகையில் உள்ளது. அங்கே கோடை வறண்டது. மழை குளிர்காலத்தில் பெய்யும். இங்கே ஆண்டு முழுதும் மழையும் புழுக்கமும் உண்டு. ஆகவே அங்குள்ளவர் வெயிலை நாடிக் கடற்கரைக்குச் சென்றனர். இங்குள்ளவர் வெயிலுக்குத் தப்பிக் காற்றை நாடிக் கடற்கரைக்குச் சென்றனர்.

இக்காற்று எவ்வாறு பிறக்கிறது? பகலில் நிலம் விரைவில் சூடேறுகிறது. கடல் மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பத்தால் இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுவே கடற்காற்று. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் காற்று திசை மாறிக் கடலை நோக்கி வீசுகிறது. குளிர்சாதனம் இல்லாத நாளில் இக்காற்றைப் பிடித்து அறைக்குள் செலுத்துவதே விடுதிக் கட்டடக்காரரின் முதல் வேலை. உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், எதிரெதிரே திறக்கும் கதவுகள், வெயிலை மறித்துக் காற்றை விடும் பலகணிகள் ஆகியவை அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. கடலை நோக்கிய அறைக்குக் கூடுதல் வாடகை கொடுத்தவர், காட்சிக்கும் காற்றுக்கும் சேர்த்தே கொடுத்தார்.

மற்றொரு வேற்றுமை நீரேற்றம். மத்திய தரைக்கடல் ஏறக்குறைய நிலம் சூழ்ந்த கடல். பெரும்பாலான இடங்களில் அதன் ஏற்றவற்றம் அரை மீட்டருக்கும் குறைவு. எனவே நீரின் விளிம்பிலேயே மாளிகை எழுப்பலாம். சிங்கப்பூரிலோ கடல் ஏறி இறங்கும் அளவு சில நாட்களில் ஏறத்தாழ மூன்று மீட்டர் வரை செல்லும். நீர் வற்றும்போது சேறு தெரியும். நீராடுவோர்க்காகக் கடலுக்குள் கம்புகளை நட்டு வேலியிட்ட ‘பாகார்’ என்னும் குளியலிடங்கள் காத்தோங் போன்ற பகுதிகளில் அமைந்தன. கட்டடங்கள் கடற்சுவருக்கும் சாலைக்கும் பின்னே எழுந்தன. ஏற்றவற்றம் மிகுந்த ஆழமற்ற கரையில் மண் கொட்டிக் கடலை நிலமாக்குவதும் எளிது. கடல் விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுண்ணாம்புக் கம்பத்தின் பங்கு

இக்கரையின் வரலாற்றில் தமிழர்க்குள்ள பங்கு பலரால் மறக்கப்பட்டது. 1825-ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். 1873 வரை இந்நகரின் சாலை, பாலம், கால்வாய் ஆகியவற்றை அமைத்ததில் அவர்கள் உழைப்பு பெரிது. சதுப்பு நிலங்களை மேடாக்கியவர்களும் அவர்களே. அவர்களுடைய பெருஞ்சிறை பிராஸ் பாசா சாலையில், பின்னாளில் ராபிள்ஸ் ஓட்டல் எழுந்த இடத்திற்குச் சற்றுத் தொலைவிலேயே இருந்தது.

செயிண்டு ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கைவண்ணம். அதன் சுவர்களுக்குப் பூசப்பெற்றது ‘சென்னைச் சுண்ணம்’ எனப்படும் சாந்து. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதன்று.

இக்கால லிட்டில் இந்தியா வட்டாரத்தை முன்னாளில் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றே அழைத்தனர். அங்குச் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே பெயர். மலாய் மொழியில் ‘கப்பூர்’ என்றால் சுண்ணாம்பு; கம்போங் கப்பூர் சாலை இன்றும் அவ்வட்டாரத்தில் உண்டு. சிராங்கூன் சாலைப் பகுதியில் செங்கற் சூளைகளும் எரிந்தன. கரையோரத்து வெண்மாளிகைகளின் நகரம், உள்ளே புகைந்த இச்சூளைகளினின்று எழுந்தது என்பது மிகையாகாது.

உழைத்தவர்களும் வணிகம் செய்தவர்களும் எங்கே தங்கினர்? மார்க்கெட் தெருவில் நகரத்தார் ‘கிட்டங்கி’களை நடத்தினர். நீண்ட கூடம், ஒருவர்க்கு ஒரு பெட்டி, ஒரு மேசை, பாய் விரிக்க ஓரிடம். பகலில் அதுவே கடை. இரவில் அதுவே படுக்கை. விடுதியிலோ ஒருவர்க்கே தாழ்வாரத்தோடு கூடிய அறைகள். ஒரே துறைமுகத்தில் இறங்கிய இரு வகைப் பயணிகளின் வாழ்வு இவ்வாறு இருந்தது.

கடல் எங்கே போயிற்று?

சிங்கப்பூர் கடலை நிலமாக்கத் தொடங்கியது 1822-ஆம் ஆண்டிலேயே. இன்றைய ராபிள்ஸ் பிளேஸ் இருக்குமிடத்தில் நின்ற ஒரு குன்றை வெட்டி, ஆற்றின் தென்கரைச் சதுப்பைத் தூர்த்தனர். 1879 முதல் 1887 வரை தெலுக் ஆயர் விரிகுடா தூர்க்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையே தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவை எழுப்பியபோது, அது கடலைப் பார்த்து நின்றது. கப்பலிலிருந்து இறங்கியவர் முதலில் அங்கே வணங்கினர். இன்று அதன் முன்னே வானளாவிய அலுவலகங்கள் நிற்கின்றன. ராபிள்ஸ் ஓட்டலுக்கு நேர்ந்ததும் அதுவே.

பீச் ரோட்டின் முன்னிருந்த கடல் பல கட்டங்களாகப் பின்தள்ளப்பட்டது. 1956-இல் மெர்டேகா பாலத்தோடு திறக்கப்பட்ட நிக்கல் நெடுஞ்சாலை, கடலிடமிருந்து பெற்ற நிலத்தின் வழியே ஓடியது. 1966-இல் கிழக்குக் கரையில் பெருந்திட்டம் தொடங்கியது. பிடோக் பகுதிக் குன்றுகளை வெட்டி, மண்ணை ஓடுபட்டைகளில் கொண்டுபோய்க் கடலில் கொட்டினர். காத்தோங் கடலோரப் பங்களாக்கள் கடலை இழந்தன. 1970-களில் மரீனா பகுதி நிலமாகியது. குன்றுகள் தீர்ந்தபின் அண்டை நாடுகளிலிருந்து மணல் வந்தது. 1997-இல் மலேசியாவும் 2007-இல் இந்தோனேசியாவும் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்ததிலிருந்து அதன் அருமை விளங்கும். 1960-களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டியுள்ளது.

ராபிள்ஸ் ஓட்டலின் வாயிலில் நின்று இப்போது கடல் நோக்கி நடந்தால், முதலில் சவுத் பீச் என்னும் கட்டடத் தொகுதி வரும். பெயரில் மட்டுமே கடற்கரை உண்டு. அப்பால் 1967-இல் திறக்கப்பெற்ற போர் நினைவுத் தூண். அதற்கப்பால் சன்டெக் சிட்டி, மரீனா ஸ்குவேர். இறுதியில் மரீனா விரிகுடாவின் நீர் தெரியும். அதுவும் கடல் நீரன்று. 2008-இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டு கடலைத் தடுத்து, விரிகுடாவை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டது. விருந்தினர் கால் நனைத்த உப்புநீரின் பக்கத்திலே இன்று குடிநீர் தேங்கி நிற்கிறது.

கடலின்றி வாழ்ந்த விடுதி

கடலை இழந்த விடுதி வீழ்ந்துபோயிருக்க வேண்டும். வீழ்ச்சி வரவும் செய்தது. ஆயினும் காரணம் வேறு. உலகப் பொருளாதார மந்தத்தில் 1931-இல் சார்க்கீஸ் நிறுவனம் நொடித்தது. 1933-இல் புதிய கம்பெனி ஒன்று விடுதியை ஏற்றது. 1942-இல் ஜப்பானியர் அதற்குச் சியோனான் ரியோகான் எனப் பெயரிட்டனர். போருக்குப் பின் மீண்டும் பழைய பெயர் வந்தது. 1987-இல், திறந்து நூறாண்டு நிறைந்தபோது, அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் மூடப்பெற்றுப் புதுப்பிக்கப்பட்டு 1991-இலும், மறுபடி புதுப்பிக்கப்பட்டு 2019-இலும் திறக்கப்பட்டது.

கடற்காட்சிக்குப் பதிலாக அது விற்றது யாது? தன் பழமையை. 1889-இல் சிங்கப்பூர் வந்த கிப்ளிங் அதன் உணவைப் புகழ்ந்தார். தங்குவதற்கு வேறு விடுதியைச் சுட்டினார். விளம்பரத்தில் முற்பகுதி மட்டுமே இடம்பெற்றது. சாமர்செட் மாம் போன்ற எழுத்தாளர் தங்கியதும், இயாம் தொங் பூன் என்னும் பணியாளர் ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்ற பானத்தைக் கலந்ததும் அதன் சொத்துகளாயின. காட்சியை அடைத்துவிடலாம், கதையை அடைக்க முடியாது.

செய்த கடற்கரை

இயற்கைக் கரையை இழந்த நகரம் பின்னர்ச் செயற்கைக் கரையைச் செய்துகொண்டது. பிரிட்டிஷ் படைத்தளமாயிருந்த பிளாக்காங் மாத்தி தீவு 1970-களில் செந்தோசா என்ற பெயரில் இன்பத் தீவாயிற்று. அதன் சிலோசோ, பலவான், தஞ்சோங் கரைகளில் மணல் கொண்டுவந்து பரப்பப்பட்டது. 1993-இல் சிலோசோ கரையில் ராசா செந்தோசா என்னும் உல்லாச விடுதி திறக்கப்பெற்றது. மத்திய தரைக்கடலிலும் இதுவே நிலை. நீஸ் கரையில் கூழாங்கற்களே உண்டு. கான் நகரின் மணற்கரை மனிதர் பேணி வளர்த்தது. மொனாக்கோ நாடு கடலைத் தூர்த்தே அகன்றது. ‘இயற்கை எழில்’ என்று விளம்பரம் கூறும் கரைகளில் பல, பொறியாளர் வரைந்தவையே.

கடற்கரை யாருக்கு உரியது? காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் அனைவர்க்கும் பொது என்று ஆறாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டநூல் வகுத்தது. 1986-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டமும் கரைக்குப் பொதுமக்கள் தடையின்றிச் செல்லும் உரிமையை வற்புறுத்துகிறது. விடுதிக்காரர் அறையை விற்கலாம். கரையை விற்க முடியாது. இங்கே சிங்கப்பூரின் நிலம் தூர்க்கும் பணியில் ஒரு நன்மையும் விளைந்தது. பங்களா உடையவர்க்கே எட்டிய காத்தோங் கடல் மறைந்த இடத்தில், யாவரும் நடக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா தோன்றியது. தொழிற்சங்கக் காங்கிரஸ் 1988-இல் பாசிர் ரிஸில் தொழிலாளர்க்கெனக் கடலோர விடுதி திறந்தது. பள்ளி விடுமுறையில் ‘சாலே’ எடுத்து, பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூரையின்கீழ் இரண்டு நாள் தங்கி, இறைச்சி சுட்டு உண்டு மகிழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. 1936-இல் பிரெஞ்சுத் தொழிலாளி பெற்ற இன்பம் அதுவே.

கடல் திரும்புமா?

கதை இத்துடன் முடியவில்லை. 2024-இல் வெளிவந்த தேசியத் தட்பவெப்ப ஆய்வு, இந்நூற்றாண்டின் முடிவுக்குள் சிங்கப்பூரைச் சூழ்ந்த கடலின் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் எனக் கணித்தது. புதிதாகத் தூர்க்கும் நிலம் சராசரிக் கடல் மட்டத்திற்கு மேல் குறைந்தது நான்கு மீட்டர் உயரம் இருத்தல் வேண்டும் என 2011-இலேயே விதி மாற்றப்பட்டது. கிழக்குக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டேரில் ‘நீள் தீவு’ ஒன்றை அமைக்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. அது கடலைத் தடுக்கும் அரணாகவும், உட்புறம் நன்னீர்த் தேக்கமாகவும் பயன்படும். அது நிறைவேறினால் இன்றைய ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் முன்னேயும் புதிய நிலம் நிற்கும்.

ஆக, கரை என்பது நிலையான கோடன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒரு தலைமுறை கடலென்று கண்டது மறு தலைமுறைக்குச் சாலையாகிறது. நீண்டநாள் கடலை விரட்டிய நாம், இனி அது திரும்பி வராமல் காக்கவும் உழைக்க வேண்டியவர்களாயினோம். ஒவ்வொரு முறையும் புதிய கரை எழும்போது நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு: அதனை எழுப்பிய கைகள் யாருடையவை? அதன்மேல் நடக்கும் உரிமை யாருக்கு? முதல் வினாவுக்கு விடையாகச் சுண்ணாம்புக் கம்பம் என்னும் பெயரையேனும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். இரண்டாம் வினாவுக்கு, யாவர்க்கும் என்னும் விடையே எந்நாளும் நிலைப்பதாகுக.